குழலுக்குள் குளவி

அழகனுடைய இடது கைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று தோட்டத்து ஆபீஸ் விலை சொன்னது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, நகமும் சேர்த்து, மொத்த விலை. சில்லறையாக விற்க விரல் எதுவும் மிஞ்சவில்லை. கடைவீதியில் நாலு நாள் நின்றவனுக்கும் தெரியும்: கேட்காமலே ஒருவன் விலை சொல்கிறான் என்றால் சரக்கு அதைப்போல மூன்று மடங்கு பெறும். அதோடு கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு கடதாசியும் அவன் பையில் இருக்கும்.

இருந்தது. 'என் கவனக்குறைவால் துவக்கின் வாய் மண்ணில் குத்துப்பட்டது. அதைப் பாராமல் சுட்டேன்' என்று அதில் அடித்திருந்தார்கள். அழகன் கையெழுத்து வைக்க ஒரு கோடு. அதன் கீழே சாட்சிக்கு இன்னொரு கோடு: 'துவக்கைச் சுத்தமாகத் துடைத்தே ஒப்படைத்தேன்.' அது காவல்காரர் வீரய்யாவுக்கு. அவர் வைத்தால் வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் அவருக்கு, பழி அழகனுக்கு. வைக்காவிட்டால் எல்லாம் தலைகீழ்.

வீரய்யா துவக்கைத் துடைத்துக் கொடுக்கவில்லை. துடைத்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தோட்டம் கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் வழக்கு வரும். புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட மலையில் காட்டுப்பன்றி இறங்கி வேரோடு கிண்டிப் போடுவதால், கம்பனி பெயரில் லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வீரய்யாவிடம் கொடுக்கப்பட்டிருந்தது. லயத்து அறையில், கதவுக்கு மேலே இரண்டு ஆணியில் அது படுத்திருக்கும்.

அதன் குழலை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைப்பது என்பதற்கு அங்கே இரண்டு சட்டம் இருந்தன. ஒன்று வீரய்யாவுடையது: சுட்டால் அன்றைக்கே துடை, சுடாவிட்டாலும் பனி மூடுகிற ஊரில் மூன்று நாளைக்கு ஒரு தடவை துடை. பழைய சேலைத் துண்டு, நீளக் கம்பி, தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு. இன்னொன்று ஆபீசுடையது: வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை. துடைத்தேன் என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் பெரிய கிளாக்கர் சூசைரட்ணம் 'பார்வையிட்டேன்' என்று தன் கையெழுத்தை வைப்பார்.

"வாரத்துக்கு ஒரு தடவ பத்தாதுங்க ஐயா. துரு ஏறிரும்" என்று கொப்பி வந்த ஜனவரியிலேயே வீரய்யா சொன்னார்.

"நீ தெனமும் வேணும்னாலும் தொடைச்சுக்க. கட்டம் வியாழக்கெழமைக்குத்தான் இருக்கு."

"துவக்கக் கொண்டாந்து காட்டவாங்க?"

"என்னாத்துக்கு? ஆபீசு மேசையெல்லாம் எண்ணெ ஆகவா? கொப்பியக் கொண்டா போதும்."

அப்படித்தான் நடந்தது. வியாழன்தோறும் கொப்பி ஆபீசுக்குப் போய் வந்தது. துவக்கு ஒரு நாளும் போகவில்லை. கிளாக்கர் பார்வையிட்டது கையெழுத்தை மட்டும். அதில் துரு இல்லைதான்.

முதல் ஒன்பது வியாழனும் வீரய்யா ஒழுங்காகத் துடைத்தார், ஒழுங்காக எழுதினார். மார்ச் முதல் வாரத்தில் ஒரு பகல், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அவர் மனைவி ஜீவராணி அசையாமல் நின்றாள்.

"என்னாங்க, துவக்கு பாடுதுங்க."

ஒற்றைக் கம்பியை மீட்டுகிறதைப் போல மெல்லிய ரீங்காரம், கதவுக்கு மேலிருந்து வந்தது. சற்று நேரத்தில் குழலின் வாயிலிருந்து இடுப்பு நூலாக மெலிந்த ஒரு குளவி வெளியே வந்து பறந்தது. திரும்பி வந்தபோது அதன் வாயில் மண் உருண்டை இருந்தது. தேயிலைக்குள் கூட்டமாகப் பாய்ந்து ஆளைக் கொல்லுமே, அந்தக் குளவி இல்லை. இது மண்குளவி, தனிக்கட்டை. கொத்தனாருக்குக் காத்திராமல் தானே வீடு கட்டும். சிலந்தியைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டை இட்டு, மண்ணால் வாசலைப் பூசிவிடும்.

ஜீவராணி அழத் தொடங்கினாள்.

அதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் மண்குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் வயிறு நிறையும் என்பது லயத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கூட்டைக் கலைத்தால் கருவும் கலையும். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவளுக்கு இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் போயிருந்தது. பக்கத்து அறைகளில் குளவி கட்டும்போதெல்லாம் அவள் தன் அறைச் சுவரைத்தான் பார்ப்பாள். ஊரில் இல்லாத சுவரா, கூரையா, சன்னல் இடுக்கா? அந்தச் சனியனுக்குத் துவக்குக் குழல்தான் கிடைத்தது.

"நாளைக்கு வியாழக்கெழமை ராணி. தொடைக்கணும்."

"தொடைச்சீங்கன்னா என்னயும் சேத்துத் தொடைச்சு எறிஞ்சிருங்க."

வீரய்யா கம்பியை எடுத்தார். ரீங்காரத்தைக் கேட்டார். கம்பியைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, மறுநாள் கொப்பியில் 'துடைத்தேன்' என்று எழுதினார். முதல் பொய்க்குத்தான் கை நடுங்கும் என்பார்கள். அவருடைய கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு துவக்கு வெறும் தடி. வீரய்யா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தகரத்தைத் தட்டியும், ஹட்டனில் தன் காசில் வாங்கி வந்த யானை வெடியைக் கொளுத்திப் போட்டும் பன்றி விரட்டினார். தோளில் கிடக்கும் குழலை ஆட்டாமல் குலுக்காமல் நடப்பார். தோட்டா ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"பாத்தியா, தோட்டா மிச்சம் புடிக்கிறதுல ஒன்னய அடிக்க ஆளில்ல" என்று சூசைரட்ணம் மெச்சினார். சிக்கனத்துக்கு எப்போதும் பாராட்டு உண்டு. எதைச் சிக்கனம் பிடித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

ஏப்ரலில், வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால், கொட்டகலை பார்மசியில் வாங்கி வந்த சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. ஜீவராணி அந்தக் குச்சியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு கதிரையைப் போட்டு ஏறி, குழலின் வாயருகே முகத்தை வைத்து, "தாயே" என்றாள்.

"இப்பவாவது கழுவிறட்டுமா?" என்றார் வீரய்யா.

"குஞ்சு பறந்து போகட்டும். அது வரைக்கும் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

ஏப்ரல் இருபத்திரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் கிளினிக். காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வீரய்யா காவலை அழகனிடம் ஒப்படைத்தார். அழகன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், முப்பத்தி நாலு வயது, மூன்று பிள்ளைகள். லீவு நாட்களில் காவலுக்கு மாற்றாளாக நிற்க ஆபீசில் பெயர் கொடுத்திருந்தான். துவக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியும். எப்படி ஒப்படைப்பது என்று வீரய்யாவுக்குத்தான் தெரியவில்லை.

"அழகா, இத சும்மா தோள்ல போட்டுக்க. சுட வேணாம். இந்தா, யானை வெடி நாலு இருக்கு. அது போதும்."

"ஏண்ணே, சுட்டா ஒங்க சொத்துல கொறையுமா?"

"தோட்டாக் கணக்கு கேப்பாங்க தம்பி."

"கேட்டா பன்னி மேல எழுதுங்க" என்று சிரித்தான் அழகன். கொப்பியைப் புரட்டினான். பதினேழாம் திகதி, வியாழன், துடைத்தேன், வீரய்யா. பார்வையிட்டேன், சூசைரட்ணம். கொப்பியை மூடிவிட்டுத் துவக்கையும் தோட்டாப் பையையும் வாங்கிக்கொண்டான்.

ஒரு வார்த்தை. 'உள்ளே குளவி கட்டியிருக்கிறது' என்றால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் கொப்பியில் ஏழு தடவை எழுதியது பொய் என்றாகும். சிரிப்பான், லயமெல்லாம் சிரிக்கும், ஆபீஸ் சிரிக்காது. விடிந்தால் ஒரு நாள்தானே, நாலு வெடி இருக்கிறதே என்று வீரய்யா தனக்குத்தானே பேரம் பேசி முடித்துவிட்டார். தன்னோடு தான் பேசும் பேரத்தில் தோற்றவன் இல்லை.

விடியும் நேரம், பனி வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தபோது, கன்று மலைக்கு ஒரு பெண்பன்றி குட்டிகளோடு வந்தது. அழகன் இரண்டு வெடி போட்டான். குட்டிகள் ஓடின, தாய் ஓடவில்லை. மற்ற இரண்டு வெடியும் பனியில் நமுத்துப் போயிருந்தன. நெருப்புக்குச்சி உரசி உரசி அணைந்தது. பன்றி அவனை நோக்கித் திரும்பியது. அவன் தோட்டாவைப் போட்டுக் குழலை மூடி, தூக்கி, சுட்டான்.

பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழல், இடது கை பிடித்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால், வாழைப்பூ விரிகிற மாதிரி பிளந்து விரிந்தது.

அதே காலை, நுவரெலியாவில், கருவின் நெஞ்சுத் துடிப்பை ஜீவராணிக்குத் திரையில் காட்டினார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் செய்தி வந்தது.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து பிளந்த குழலைப் புரட்டிப் பார்த்தார். "தவஸ் கீயகட்ட செரயக்த?" என்றார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைப்பது என்று. வீரய்யா வாயைத் திறப்பதற்கு முன்னால் சூசைரட்ணம் கொப்பியை நீட்டி, வாரம் ஒரு தடவை என்று சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியில்லாத ஒன்றே ஒன்று ஆஸ்பத்திரியில் கிடந்தது.

அவர் போன பிறகு கிளாக்கர் வீரய்யாவைத் தனியே கூப்பிட்டார். "நீ தொடைச்ச. நான் பாத்தேன். நடுவுல அவன் எங்கயோ மண்ணுல ஊனிட்டான். புரியுதா?"

"ஐயா, நீங்க பாக்கலீங்களே."

"நீ தொடைக்கலன்னு சொல்றியா?"

வீரய்யா கிளாக்கர் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே தோணில இருக்கோம். ஆட்டாத. வெள்ளிக்கெழம தொரை முன்னால விசாரணை. சைன் வச்சிட்டுப் போய்ப் பொண்டாட்டியக் கவனி. நல்ல சேதின்னு கேள்விப்பட்டேன்."

புதன்கிழமை வீரய்யா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலின் கால்மாட்டில் அழகனின் மனைவி மீனம்மா உட்கார்ந்திருந்தாள். அழகனின் இடது பக்கம் வெள்ளைத் துணி உருண்டையாக முடிந்திருந்தது. முகத்தில் கரும்புள்ளிகள்.

"வாங்கண்ணே. பழம் உரிச்சுத் தாங்க. அதுக்கு ரெண்டு கை வேணும்" என்றான் அழகன்.

வீரய்யா உரித்தார். அவர் விரல்கள் பழத்தை நசுக்கின.

"கிளாக்கர் ஐயா வந்தாருண்ணே" என்றாள் மீனம்மா. "ஒன்றரை லெச்சமாம். இப்ப சைன் வச்சாத்தானாம். இல்லாட்டிக் கேஸு போட்டு இழுத்துக்கிட்டே இருக்கணுமாம். மூணு புள்ளய வச்சுக்கிட்டு எங்க இழுக்கிறது? வச்சிட்டாரு."

இல்லாத கையை விற்று, இருக்கிற கை கையெழுத்துப் போட்டிருந்தது.

"புண்ணுக்குள்ளேருந்து மண்ணு எடுத்தாங்கண்ணே" என்றான் அழகன். "நர்சு நோனா தட்டுல வச்சுக் காட்டுனாங்க. சுட்ட மண்ணு மாதிரி கட்டி. ஒடைச்சா அதுக்குள்ள சிலந்திக் காலு. கன்று மலை மண்ணுல எங்கண்ணே சிலந்தி?"

வீரய்யா தரையைப் பார்த்தார். மீனம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ராணிக்கு உண்டாயிருக்காமே" என்றான் அழகன் தொடர்ந்து. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "சந்தோசம். குளவி கட்டுனா நடக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எனக்குத்தான் மூணு இருக்கே, நமக்கெதுக்கு அதுன்னு இருந்தேன்."

"அழகா..."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. எத்தன நாளைக்கு ஒரு தடவ தொடைப்பீங்க?"

கேள்வி பழையது. கிளாக்கர் கேட்டால் வாரம், பொலிஸ் கேட்டால் கொப்பி. இவனுக்கு என்ன சொல்வது? வீரய்யாவின் வாய் தன் பாட்டில், "மூணு நாளைக்கு ஒருக்கா" என்றது.

அழகன் தலையசைத்தான். "அதாண்ணே நானும் மீனாகிட்ட சொன்னேன். வாங்குறப்ப குழலுக்குள்ள கண்ண வச்சுப் பாத்திருக்கணும்னு எல்லாரும் ஏசுறாங்க. கொப்பில ஒங்க கையெழுத்து இருக்கு. நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. அதுக்கு மேல குனிஞ்சு பாத்தா ஒங்கள நம்பாத மாதிரி ஆயிரும்ல? வயசுல மூத்தவருக்கு அத எப்படிச் செய்யிறது?"

பழம் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீரய்யா எல்லாவற்றையும் ஜீவராணியிடம் சொன்னார். அவள் அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கதவுக்கு மேலே இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

"சைன் வச்சிருங்க" என்றாள்.

"அவன் நம்பினான் ராணி."

"அவன் கை போயிருச்சு. நீங்க உண்மையச் சொன்னா மொளச்சு வருமா?"

"மொளைக்காது. ஆனா குத்தம் அவனுது இல்லன்னு ஆகும். ஒன்றரை லெச்சத்தோட ஆபீசு கைய கழுவ முடியாது. வேலைல அடிபட்டவனுக்கு உள்ளத குடுத்துத்தான் ஆகணும்."

"அவனுக்கு ஆகும். நமக்கு? காவல் போகும். ரூமு போகும். பொலிசுக்காரன் வருவான். வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு நான் எந்த லயத்துல போயி நிப்பேன்?" அவள் முழங்காலை விட்டு வயிற்றில் கை வைத்தாள். "கூடுதான் செதறிப் போச்சே. இனி இது தங்குமோ தங்காதோன்னு நான் ஒவ்வொரு மூச்சயும் எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க இதயும் சேத்துக் கலைக்கப் பாக்கிறீங்க."

வீரய்யா எரியும் விறகை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு சொன்னார்: "குளவிக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தினேன். அழகனுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன். கொப்பில எழுதி, என் பேரயும் போட்டு."

"அது வாக்கா? கட்டத்த நெரப்புனீங்க."

"நான் கட்டத்த நெரப்புனேன். அவன் வாக்குன்னு வாசிச்சுட்டான்."

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிக் சாக்கடைக் கானோரத்தில் வாந்தி எடுத்தாள். அவர் பின்னாலேயே போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் தோட்ட மானேஜரான தொரை இருந்தார், சூசைரட்ணம் இருந்தார், மேசையில் கடதாசி இருந்தது. மேல் கோட்டில் அழகனின் கையெழுத்து. பிடிமானத்துக்கு இடது கை இல்லாததால் கடதாசி நழுவி, எழுத்துகள் சரிந்து கிடந்தன. கட்டில் பலகையில் வைத்து எழுதியிருப்பான்.

"சைன் வை" என்றார் சூசைரட்ணம், பேனாவைத் திறந்து கொடுத்து.

"கொப்பிய ஒரு தடவ தாங்க ஐயா."

"எதுக்கு?"

"திகதி பாக்கணும்."

அதில் என்ன இருக்கிறது என்று கிளாக்கர் கொடுத்தார். தொரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரய்யா முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஜனவரி இரண்டாம் திகதிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். ஒன்பதாம் திகதிக்கு ஒன்று. நிதானமாக, ஒவ்வொரு வியாழனாக, பெப்ரவரி இருபத்தேழு வரை. மார்ச் ஆறாம் திகதி வந்ததும் பேனா நின்றது. அங்கே 'துடைத்தேன்' என்ற வார்த்தையின் குறுக்கே கோடு இழுத்தார். அடுத்ததிலும் இழுத்தார்.

"டேய், என்னா பண்ணுற?" சூசைரட்ணம் எழுந்துவிட்டார். "தொரை, கொப்பியக் கிறுக்குறான் பாருங்க!"

தொரை தலையை நிமிர்த்தினார். "என்ன வீரய்யா அது?"

"துவக்குக் குழல எத்தன நாளைக்கு ஒரு தடவ தொடைச்சேன்னு எல்லாரும் கேட்டீங்க தொரை. எழுதித் தர்றேன். குழலுக்குள்ள குளவி கட்டியிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

கிளாக்கரின் கை கொப்பியை நோக்கி நீண்டது. தொரை தன் கையை உயர்த்தி அதைத் தடுத்தார். எதற்காகத் தடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. கம்பனி லெட்டர் எதிலும் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

வெளியே பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஜீவராணி கூடையை இறக்காமலே ஆபீஸ் சன்னலைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குத் தெரியும். காலையில் அவர் புறப்படும்போது அவள்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தாள்.

வீரய்யா கடைசி வரிக்குக் கீழே, இருந்த இடத்தில், குண்டு எழுத்தில் எழுதினார். எழுதி முடித்துத் தன் பெயரையும் போட்டு, கொப்பியைத் தொரை பக்கம் திருப்பி வைத்தார்.

துடைத்ததாக எழுதியது: பதினாறு.
துடைத்தது: ஒன்பது.
பாக்கி: ஏழு.